பர்னர் மஞ்சளாக எரிகிறது: அடுப்பையே மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 11 ஜூன் 2023, மாலை 6.15

மூன்று பர்னர் அடுப்பு, வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஒரு மாதமாகப் பெரிய பர்னர் மட்டும் மஞ்சளாக எரிகிறது. குக்கர் அடியெல்லாம் கரி. மெக்கானிக் வந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "பர்னர் போச்சு, இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வராது, அடுப்பையே மாத்திடுங்க" என்றார். மற்ற இரண்டு பர்னரும் நன்றாகத்தான் எரிகின்றன. மாற்றத்தான் வேண்டுமா?

11 ஜூன் 2023, இரவு 9.50

வேண்டாம். பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மற்ற இரண்டும் நீலமாக எரிகின்றன என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், ட்யூப் மூன்றிலும் கோளாறு இல்லை. அவை மூன்று பர்னருக்கும் பொது. கோளாறு அந்த ஒரு பர்னருக்கும் அதன் குமிழுக்கும் நடுவில் உள்ள ஒன்றரைச் சாண் தூரத்தில்தான்.

நான் மெக்கானிக் இல்லை. திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் உதவியாளராக இருந்தேன். பன்சன் பர்னர் துடைத்தே கை தேய்ந்தது. ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் 1855இல் பன்சனும் அவருடைய கருவி செய்பவரான டெசாகாவும் உருவாக்கிய அந்தக் குழாய்தான், கொஞ்சம் படுக்கவைத்த நிலையில், உங்கள் சமையலறையில் இருக்கிறது. சின்ன ஓட்டை வழியாக வாயு வேகமாகப் பீய்ச்சும். அந்த வேகம் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். இரண்டும் கலந்து மேலே போய் எரியும். காற்று போதுமான அளவு கலந்தால் நீலம். குறைந்தால் கரித்துகள் எரியாமல் சூடேறி ஒளிரும், அதுதான் மஞ்சள். அந்தத் துகள்தான் குக்கர் அடியில் ஒட்டுகிறது. ஆய்வகத்தில் பர்னர் கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகிக் காற்று ஓட்டையை மூடினால் மஞ்சள், திறந்தால் நீலம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஐம்பது தடவை திருகி விளையாடுவார்கள்.

உங்கள் வீட்டில் அந்தக் காற்று வழியை ஏதோ ஒன்று மூடியிருக்கிறது. பர்னரைத் தூக்கி எடுத்து, அதற்கு அடியில் உள்ள குழாய்க்குள் (மெக்கானிக்குகள் மிக்சிங் ட்யூப் என்பார்கள்) டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் அடுப்பைத் தலைகீழாகத் திருப்பி, அந்தக் குழாயின் வாயில், ஜெட்டுக்கு (வாயு பீய்ச்சும் அந்தச் சின்ன ஓட்டை உள்ள திருகு) எதிரே உள்ள இடைவெளியையும் பாருங்கள். ஜெட்டைத் தொட வேண்டாம். ஜெட் கெட்டுப்போவதில்லை.

11 ஜூன் 2023, இரவு 10.05

மேலே சொல்ல மறந்துவிட்டேன், முதலில் சொல்லியிருக்க வேண்டியது: ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரிலிருந்து கழற்றிவிட்டு, அடுப்பு ஆறிய பிறகு இதைச் செய்யுங்கள். பத்தொன்பது வருடம் பிள்ளைகளிடம் தினமும் சொன்ன விஷயம் எனக்கே மறக்கிறது.

இன்னொன்று. மஞ்சளாக எரியும்வரை ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள். அரைகுறையாக எரிந்தால் கரியோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாசனை கிடையாது.

12 ஜூன் 2023, காலை 11.30

பர்னரைக் கழுவுவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். என் முறை: பித்தளைப் பர்னரை வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓட்டைகளுக்கு ஊசி வேண்டாம், சேஃப்டி பின்னும் வேண்டாம். ஊசி விளிம்பைச் சீவிவிடும். ஓட்டை பெரிதானால் தீயின் அளவு மாறும், சில சமயம் பர்னருக்கு உள்ளேயே எரியத் தொடங்கும். தென்னை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சீவிக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகக் குத்துங்கள். பித்தளையைவிட ஈர்க்குச்சி மெது. உடைந்தால் குச்சிதான் உடையும்.

இதை எழுதும்போது பம்ப் ஸ்டவ் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் 1980கள் வரை மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்தான். அதற்கென்று ஸ்டவ் பின் கடையில் விற்கும். தகரப்பட்டை நுனியில் முடி போன்ற ஒரு கம்பி. அப்பா சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அது எப்போதும் இருக்கும். தீ குறைந்தால் பின்னால் ஒரு குத்து, ஒரு "புஸ்", மறுபடி நீலம். ஊசி போடும் பழக்கம் அங்கேயிருந்துதான் கேஸ் அடுப்புக்கும் வந்திருக்க வேண்டும். அந்தப் பின் அந்த ஓட்டைக்கென்றே அளவெடுத்துச் செய்தது. உங்கள் கையில் இருப்பது புடவைக்குக் குத்துகிற பின்.

நன்றாகக் காயவைத்த பிறகு மாட்டுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் தீ கொஞ்ச நேரம் படபடக்கும்.

14 ஜூன் 2023, பிற்பகல் 2.40

திருத்தம். வினிகரில் ராத்திரி முழுக்க என்று எழுதினேன் அல்லவா, அதை விட்டுவிடுங்கள்.

நேற்று என் பேச்சை நானே கேட்டு, சின்னப் பர்னரை ஊறப்போட்டேன். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். "ராத்திரி முழுக்க" என்று எழுதியது ஒரு வேகத்தில். காலையில் பார்த்தால் பர்னர் மஞ்சளாக இல்லை, வெளிறிய ரோஜா நிறம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து போகும், மேலே செம்பு மட்டும் நிற்கும். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத பஞ்சு மாதிரி ஆகிவிடும், பலம் குறையும். ஒரு தடவையில் அடுப்பு பாழாகாது. மாதா மாதம் செய்தால் ஓட்டை விளிம்புகள் போய்விடும்.

அம்மா செய்ததே சரி. கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவள், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு நான்கு வைத்திருந்தாள். பழம்புளியைக் கரைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டு, சாம்பல் தொட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவாள். புளியில் இருப்பதும் அமிலம்தான், ஆனால் பத்து நிமிடம். கறுப்பை எடுக்கும், பித்தளையை எடுக்காது. எண்ணெய்ப் பிசுக்கு அதிகமாக இருந்தால் புளிக்கு முன்னால் வெந்நீரும் பாத்திர சோப்பும். அவ்வளவுதான்.

பழ உப்பும் எலுமிச்சையும் சேர்த்துப் பொங்கவிட்டால் பளபளக்கும் என்று வீடியோவில் பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். பொங்குவது பார்க்க அழகு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன, மிச்சம் இருப்பது கொஞ்சம் உப்புத் தண்ணீர். நுரை சில துணுக்குகளைக் கிளப்பிவிடும் என்பதை மறுக்கவில்லை.

வெள்ளையாக, எடை குறைவாக இருக்கும் பர்னர் என்றால் அது அலுமினியம். அதைச் சலவை சோடாவில் போடவே போடாதீர்கள். கறுத்து, அரித்துப் போகும்.

15 ஜூன் 2023, இரவு 8.10

"மஞ்சள் எப்போதும் வருவதில்லை, ரசம் பொங்கும்போது மட்டும் வருகிறது" என்றால் அது வேறு. அது உப்பு. சோடியம் தீயில் பட்டால் அந்த ஆரஞ்சு மஞ்சள் வரும். ஆய்வகத்தில் உப்புத் தண்ணீரில் நனைத்த கம்பியைக் காட்டிச் செய்யும் சோதனையை நீங்கள் ரசம் வைத்துச் செய்திருக்கிறீர்கள். துடைத்தால் போய்விடும். பாத்திரத்தில் கரி படிகிறதா என்று பாருங்கள். கரி படிந்தால் காற்றுக் கோளாறு. படியாவிட்டால் உப்பு, தூசி, கோலமாவு எதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வகையும் உண்டு. சிலிண்டர் தீரப்போகும்போது எல்லாப் பர்னரும் சிவந்து எரியும். "கேஸ் தீரப்போகுது, புக் பண்ணு" என்று நம் வீடுகளில் சொல்வது அதைப் பார்த்துத்தான். சிலிண்டரில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரோபேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியில். எளிதில் கொதிப்பது முதலில் அதிகமாகப் போய்விடும். கடைசியில் மிஞ்சும் கனமானதற்குக் காற்று அதிகம் வேண்டும், அடுப்பு தருவதோ அதே காற்று.

என் மாமியார் இந்தக் கட்டத்தில் சிலிண்டரைச் சாய்த்து வைத்து இரண்டு நாள் ஓட்டுவார். அவர் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம். சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும். ஒரு துளி திரவம் இருநூறு மடங்குக்கு மேல் வாயுவாக விரியும். செய்யாதீர்கள்.

18 ஜூன் 2023, காலை 7.20

டார்ச் அடிக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு.

சில வருடங்களுக்கு முன், மே மாதம் முழுக்க அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தோம். வந்த அன்று பால் காய்ச்ச இடது பர்னரைப் பற்றவைத்தேன். மேலே ஒரு சோகையான மஞ்சள் தீ. இரண்டு நொடியில் அடுப்புக்கு *அடியில்*, குமிழுக்குப் பின்னால், பக்கென்று இன்னொரு தீ. குமிழை மூடினேன், ரெகுலேட்டரை மூடினேன், அப்புறம்தான் கை நடுங்கியது.

அடுப்பைக் கவிழ்த்தால், மிக்சிங் ட்யூப் வாயை அடைத்துக்கொண்டு ஒரு குளவிக் கூடு. சுத்தமான களிமண், விரல் நுனி அளவு, உள்ளே மயக்க நிலையில் பச்சைப் புழுக்கள். ஜெட்டிலிருந்து வந்த வாயு உள்ளே போக வழியில்லாமல் வெளியே வழிந்து அடியில் தேங்கியிருக்கிறது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், கீழேதான் படியும்.

மாமியாருக்கு ஒரே சந்தோஷம். குளவி வீட்டில் கூடு கட்டினால் குழவி வரும் என்பது அவர் கணக்கு. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. "கூடு கட்டின இடம் அடுப்பு அத்தை, வந்தா தீயணைப்பு வண்டிதான் வரும்" என்றேன். ஆறு மாதத்தில் மச்சினர் மகளுக்கு உண்டானது. கணக்கு சரி என்று இன்றுவரை சொல்கிறார்.

வாரக்கணக்கில் ஊருக்குப் போனால் மேடை அடுப்பை ஒரு பழைய வேட்டியால் மூடிவிட்டுப் போங்கள். திரும்பியதும் பற்றவைக்கும் முன் அடியில் ஒரு பார்வை.

19 ஜூன் 2023, மாலை 5.00

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். குழாய்க்குள் பொங்கி வழிந்த பாலின் பொருக்கு, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கரப்பான் முட்டைக் கூடு. எடுத்துவிட்டார். நீலம். செலவு ஓர் ஈர்க்குச்சி.

2 ஜூலை 2023, இரவு 9.15

குமிழ் இறுகுகிறது, திருக முடியவில்லை, எண்ணெய் விடலாமா என்ற கேள்விக்கு: விடாதீர்கள். இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் மச்சினர் கைவேலை தெரிந்தவர். ஃபேன், சைக்கிள், தையல் மிஷின் எல்லாம் அவரே பார்ப்பார். எங்கள் அடுப்பின் நடுக் குமிழ் இறுகியபோது, நான் இல்லாத நேரத்தில் குமிழைப் பிடுங்கி, தண்டில் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டுவிட்டார். ஒரு வாரம் வெண்ணெய் மாதிரி திரும்பியது. அடுத்த மாதம் முன்னைவிட மோசம். சூட்டில் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது. அதைவிடப் பெரிய கேடு, எண்ணெய் உள்ளே இருந்த பழைய கிரீஸைக் கரைத்துவிட்டது.

அந்த வால்வுக்குள் இருப்பது கூம்பு வடிவ பித்தளை அடைப்பான், அதே வடிவக் குழிக்குள் பொருந்தித் திரும்புவது. ரப்பர் வாஷர் எதுவும் அங்கே வேலை செய்வதில்லை. கூம்பும் குழியும் ஒட்டியிருப்பதும், நடுவில் உள்ள மெல்லிய கிரீஸ் படலமும்தான் வாயுவை நிறுத்துகின்றன. அந்தக் கிரீஸ் சூடு தாங்கும் வகை, அதற்கென்றே உள்ளது. சைக்கிள் கிரீஸ் இல்லை. அதிகம் தடவினால் ஓட்டையை அடைக்கும், குறைந்தால் கசியும்.

இந்த இடத்தில்தான் நான் கை வைப்பதில்லை. பர்னர், குழாய், தட்டு, ஸ்டாண்டு இவை நம் வேலை. வால்வு அது தெரிந்தவர் வேலை. அவர் முடித்ததும் சோதிப்பது மறுபடி நம் வேலை. எங்கள் வீட்டில் ஒருவர் வால்வைப் பிரித்து கிரீஸ் போட்டு, தீக்குச்சி கிழித்துச் சுற்றிலும் காட்டி "லீக் இல்ல பாருங்க" என்றார். நான் வாசலுக்கே போய்விட்டேன். அவர் போன பிறகு சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிப் பார்த்தால், வால்வு கழுத்தில் சின்னச் சின்னக் குமிழி, கடுகு மாதிரி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டு முடுக்க வைத்தேன். தீக்குச்சிக்குத் தப்பியது சோப்புக்குத் தப்பவில்லை.

சோப்புத் தண்ணீர் தடவ வேண்டிய இடங்கள்: ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடம், ட்யூபின் இரண்டு முனைகள், வால்வுகள். குமிழிகள் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். வாசனை பலமாக வந்தால் ஸ்விட்ச் எதையும் போடாமலும் அணைக்காமலும் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906க்குப் பேசுங்கள். எந்தக் கம்பெனி சிலிண்டராக இருந்தாலும் இந்த எண்தான். இந்த வாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது, மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் ஓர் உபகாரம்.

3 ஜூலை 2023, காலை 10.45

ட்யூப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய பச்சை ரப்பர் ட்யூப் யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால் இன்றைக்கே எறியுங்கள். உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு ட்யூப்தான் சரி. அதற்கும் 5 வருடம்தான் ஆயுள். செய்த வருடம் ட்யூப் மேலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் ட்யூபை மேடை ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் எலி கடித்து வைத்திருந்தது, கம்பிவரை. பின்னல் இல்லாவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

சிலிண்டர் கைப்பிடியின் உள்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B என்றால் ஏப்ரல் முதல் ஜூன், C, D அப்படியே. B 27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியது வந்தால் வாங்காதீர்கள். சிலிண்டர் போடும் தம்பியை நிற்கவைத்து, மூடியைக் கழற்றி, வாய்க்குள் வாஷர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள். அவர் அவசரப்படுவார். ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் அவசரம் குறையும்.

9 ஜூலை 2023

லைட்டர் நனைந்தால் வெயிலில் வையுங்கள். அடுப்பு மேல் காயவைக்காதீர்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் நடந்தது. பெயர் சொல்ல மாட்டேன், கைவேலை தெரிந்தவர்.

20 ஆகஸ்ட் 2023, பிற்பகல் 3.30

கண்ணாடி அடுப்பு வாங்கலாமா என்று கேட்டவருக்கு, நான் பழைய ஆள், ஸ்டீல்தான் சொல்வேன் என்று எழுதத் தொடங்கினேன். அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

என் தங்கை வீட்டுக் கண்ணாடி அடுப்பு ஒருநாள் சுண்டல் வேகும்போது வெடித்துச் சிதறியது. கல்கண்டு கொட்டியது போல் தரையெல்லாம். யாருக்கும் காயம் இல்லை, அந்தக் கண்ணாடி சூடேற்றிப் பதப்படுத்தியது, கூர்த் துண்டுகளாக உடையாமல் சின்னச் சின்னப் பரலாக உதிரும்படி செய்தது. அப்போது எல்லாரும் கண்ணாடியைத் திட்டினோம். பிறகு யோசித்தால், தினமும் சமையல் முடிந்த சூட்டிலேயே ஈரத் துணி போட்டுத் துடைப்பது அவள் வழக்கம். பண்டிகை வந்தால் அண்டா மாதிரி ஒரு இட்லிக் குண்டானை இரண்டு பர்னரையும் மறைத்து வைப்பாள். தீயின் சூடு மேலே போக இடமில்லாமல் கண்ணாடிமேல் திரும்பி அடிக்கும். விளிம்பில் ஒரு சிராய்ப்பும் இருந்ததாம், குக்கர் இடித்தது. பதப்படுத்திய கண்ணாடிக்கு விளிம்புதான் உயிர்நிலை.

அதனால் சொல்வது இதுதான்: பாத்திரம் சின்னது, கை மெது, ஆறவிட்டுத் துடைக்கும் பொறுமை உண்டு என்றால் கண்ணாடி வாங்குங்கள். துடைக்க எளிது என்பது உண்மை. பொங்கலுக்குப் பித்தளைப் பானை ஏற்றுகிற வீடு என்றால் ஸ்டீல்.

அப்புறம், 2007 வாக்கில் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த அந்த ஒல்லி ஸ்டீல் அடுப்பு, எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இன்னும் எரிகிறது. ஒரு பர்னர்தான், மற்றதை எப்போதோ கழற்றிவிட்டார். ஒவ்வொரு வெள்ளியும் விளக்கோடு சேர்த்துப் பர்னருக்கும் புளி போடுகிறார். அவருடைய தீயை வந்து பாருங்கள், ஆய்வகத்தில்கூட அப்படி ஒரு நீலம் நான் பார்த்ததில்லை.

14 அக்டோபர் 2023, இரவு 10.30

முதல் நாள் நான் எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். "ஜெட் கெட்டுப்போவதில்லை" என்றேன். கெட்டுப்போவதில்லைதான். ஆனால் மாற்றிவிடுவார்கள்.

மகள் பெங்களூரில் இருந்தாள், அடுக்ககத்தில் குழாய் எரிவாயு. இப்போது திருச்சிக்கே மாறி வந்துவிட்டார்கள், அடுப்பும் லாரியில் வந்தது. இங்கே சிலிண்டரில் மாட்டிப் பற்றவைத்தால் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் தீ. பார்த்த கணத்தில் அணைத்தோம். தோசைக்கல் அடியில் அதற்குள் ஒரு அடுக்குக் கரி.

நான் என் பாடத்தையே ஒப்பித்தேன்: காற்று அடைப்பு, குழாயைப் பார். குழாய் சுத்தம். பர்னர் சுத்தம். மூன்று பர்னரும் ஒரே மாதிரி எரிகிறது, ஆக அடைப்பு இல்லை. அரை மணி நேரம் அடுப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. குழாயில் வருவது மீத்தேன். ஒரு லிட்டர் மீத்தேன் எரியச் சுமார் 10 லிட்டர் காற்று போதும். புரோபேனுக்கு 24, பியூட்டேனுக்கு 31. மீத்தேனில் அதே அளவுக்குச் சூடும் குறைவு, குழாயில் வரும் அழுத்தமும் சிலிண்டர் ரெகுலேட்டர் தருவதைவிடக் குறைவு. அதனால் குழாய் இணைப்பு கொடுக்கும்போது ஜெட்டின் ஓட்டையைப் பெரிதாக்குவார்கள், அல்லது பெரிய ஓட்டை ஜெட் மாற்றுவார்கள். மகள் வீட்டிலும் அப்படிச் செய்திருக்கிறார்கள், சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அந்தப் பெரிய ஓட்டையில் சிலிண்டர் வாயுவை விட்டால், தேவைக்கு மேல் பல மடங்கு வாயு, காற்றோ அதே அளவு.

பழைய ஜெட்டுகளை ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்களாம். மகள் அதை "ஏதோ திருகாணி" என்று எறிந்துவிட்டாள். பெரிய கடைவீதியில் இரண்டு கடை ஏறி இறங்கி, அதே கம்பெனி ஜெட் மூன்று வாங்கி, ஆள் வைத்து மாட்டினோம். திருகாணியைவிடச் சின்னதுதான், நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டை. முழ உயரத் தீயும் ஒரு அங்குலத் தீயும் அந்த ஓட்டையில் இருக்கிறது.

குழாய் எரிவாயு உள்ள ஊருக்கு மாறுபவர்களும், அங்கிருந்து வருபவர்களும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஜெட்டைக் கேளுங்கள். எதிர்ப்பக்கம் மாறிப் போனால் தீ சோம்பலாக எரியும், ஆபத்து குறைவு. இந்தப் பக்கம் வந்தால்தான் முழ உயரம்.

7 ஜனவரி 2024, காலை 9.00

இழையின் தொடக்கத்தில் அந்த மெக்கானிக்கைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் கீழே பத்துப் பேர் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

"கேஸ் ஸ்டவ் ரிப்பேர், குக்கர் ரிப்பேர்" என்று எங்கள் தெருவில் சைக்கிளில் கூவிப் போகும் பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னது: "பர்னரைக் குத்திக் குடுத்துட்டு இருநூறு கேட்டா, குச்சியால குத்தினதுக்கு இருநூறான்னு கேக்கறாங்க. பார்ட்ஸ் மாத்தினா ஐநூறையும் பேசாம குடுக்கறாங்க." நானும் ஒருநாள் அவரிடம் அப்படிக் கேட்டவள்தான். வால்வு பிரிக்கத் தெரிந்தவர் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் ஒருவர், அதற்கு அவர் வாங்கியது நூற்றைம்பது, நான் பேரம் பேசினேன். துடைத்ததற்குக் காசு தராமல் மாற்றினால் மட்டும் தருகிற ஊரில், எல்லாவற்றையும் மாற்றத்தான் சொல்வார்கள்.

இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் அடுப்பையே மாற்று என்றவரை முழுக்க விடவும் மனசில்லை. கவிழ்த்தாவது பார்த்திருக்கலாம்.

புது அடுப்பு எப்போதுதான் வாங்குவது என்றும் கேட்டிருந்தார்கள். உடம்புத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், வால்வு கிரீஸ் போட்ட பிறகும் கசிந்தால், பர்னர் விளிம்பு உருகி மூடி ஆடினால். வாங்கும்போது ஐஎஸ் 4246 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரப்படி, எரியும் வாயுவின் சூட்டில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போக வேண்டும். மிச்சம் உங்கள் முகத்துக்கு.

16 மார்ச் 2024, இரவு 8.45

என் வீட்டு வலது பர்னர் இன்று காலை முதல் மஞ்சள். டார்ச் அடித்தேன், குளவி இல்லை. கவிழ்த்தேன், ஒன்றும் இல்லை. ஜெட் சரி. சிலிண்டர் புதுசு. மாமியார் "போன வெள்ளிக்கிழமை கழுவினியே, மூடிய மாத்தி வெச்சிருப்ப" என்று கூடத்திலிருந்தே சொன்னார். போய்ப் பார்த்தேன். பெரிய பர்னர் மூடி சின்னதன் மேல் ஆடிக்கொண்டிருந்தது.